மண்ணைத் தொடாத சம்சாரி

“ஒட்டுதா, உதிருதா?”

வரப்பில் நின்றபடி சாமித்துரை கேட்கிறார். உழுத கரிசலில் ஒரு கைப்பிடி அள்ளிப் பிசைந்து பார்ப்பவர் பக்கத்துப் புஞ்சைக்காரரான அய்யாத்துரை. பசுவந்தனையில் விதைப்பு ஈரத்தை உள்ளங்கைதான் சொல்லும். சாமித்துரையும் உழுது பிழைக்கும் சம்சாரிதான்; ஆனால் அவர் கைகளில் உறை. கால்களில் ரப்பர் பூட்ஸ்.

“ஒட்டுது. ஒம்ம புஞ்சைக்கும் நான்தான் மண்ணு பிசையணுமாவே? உளுந்துல பாதி எனக்குத்தான்.”

“எடுத்துக்கிடும். களையெடுப்பையும் சேத்து எடுத்துக்கிடும்.”

உழுத நிலத்தில் செருப்போடு இறங்குவது இங்கே மரியாதைக் குறைவு. பூட்ஸோடு அவர் இறங்கிய முதல் பருவத்தில் ஊர் முணுமுணுத்தது. “பூமாதேவி பொறுத்துக்கிடுவா. என் ஒடம்பு பொறுக்காது” என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அவருக்குள் இருப்பது தங்கை வள்ளிமயிலின் சிறுநீரகம். அதை அந்நியமென்று கண்டு உடம்பு தாக்காதிருக்க, காலையும் மாலையும் மாத்திரை விழுங்கி, உடம்பின் காவலைத் தளர்த்தி வைத்திருக்கிறார். காவல் தளர்ந்த இடத்தில் மண்ணிலுள்ள பூஞ்சைக்கும் வழி உண்டு. முதல் வருடம், ‘இனி மாத்திரையே வேண்டாம்’ என்று ஒருவர் விற்ற லேகியத்தை நம்பினார். சிறுநீரகம் கைவிட்டுப் போகும் நிலையில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். விற்றவர், தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அதே வாக்கு அச்சடித்த லேபிள் கிழியாத அந்த டப்பா இன்றும் சாமித்துரையின் பீரோவில் இருக்கிறது.

அதன்பின் வேகாத எதையும் அவர் தின்பதில்லை; கல்யாண வீட்டிலும் அவர் இலையில் வெங்காயப் பச்சடி விழுவதில்லை. கோவில் தீர்த்தத்தைப் பக்தியோடு கையேந்தி வாங்கித் தலையில் தெளித்துக்கொள்வார், பருகமாட்டார்.

ஈரம் பார்த்த அன்று, எட்டயபுரத்திலிருந்து வள்ளிமயில் தூக்குவாளியோடு வந்து வரப்பில் அவரருகே உட்கார்ந்தார்.

“நெலவேம்புக் கசாயம்ணே. காய்ச்சக் காலம்லா? எங்க வீட்ல அம்புட்டுப் பேரும் படுத்துக் கெடக்காவ. எதிர்ப்பு சக்திக்கு நல்லதாம்.”

அவர் வாளியைத் தொடவில்லை. ஊரில் வேறு யார் நீட்டினாலும் மறுப்பது எளிது. தம்மை உயிரோடு வைத்திருப்பவரிடம் எப்படி மறுப்பது?

“ஏட்டி, டாக்டரக் கேக்காம ஒரு கசாயமும் என் தொண்டையில எறங்கக்கூடாது. எனக்கு எதிர்ப்பு சக்தி கூடுச்சுன்னா, அது மொதல்ல ஒன்னையத்தான் வெளிய தள்ளும். நாலு வருசமாச்சு, இந்த ஒடம்புக்கு நீ இன்னும் அசலூர்க்காரிதான்.”

“நன்றிகெட்ட ஒடம்புண்ணே ஒனக்கு” என்று சிரித்த வள்ளிமயிலின் முகம் சட்டென்று மாறியது. “அப்போ... எங்க வீட்டுக் காய்ச்ச?”



வள்ளிமயில் எழுந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு, அது அண்ணனைக் கடந்து தம் பக்கம் வீசும் இடமாகத் தேர்ந்து, வரப்பின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார்.