கத்தி தொடாதவன்

மத்தியானம் மூன்று மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து வெளியே வந்த டாக்டர், கறிக்கடைக்காரனின் மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவள் அழவில்லை. பின்னால் நின்ற ஏட்டிடம் திரும்பி, "அவர் கத்தியைத் தொடலை சார். அதை எழுதிக்குங்க" என்றாள்.

தெருவில் கறிக்கடைக்காரனுக்கு 'வெடி' என்று பெயர். திரி எங்கே இருக்கிறது என்று கட்டியவளுக்கே தெரியாது. தெருமுனைக் கோழிக்கடையில் அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். ஒருநாள் தம்பிக்காரன் கழிவுநீர் வாளியை வேண்டுமென்றே இவள்மேல் கவிழ்த்துவிட்டுச் சிரித்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் வெடி வெட்டுக்கத்தியோடு பாய்ந்துவிட்டான். காது அறுந்து தோலில் தொங்கியது. விழுந்தவனின் வயிற்றில் ஏறி மிதித்தான். நாலு பேர் இழுத்தும் அடங்காதவன், இவள் குறுக்கே விழுந்து காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நின்றான். அத்தனையையும் அவர்களுடைய ஐந்து வயது மகள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாமீனில் வெளியே வந்த அன்று அவன் கையை நீட்ட, மகள் அலறிக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஜெயில் உடைக்காத அவனை அது உடைத்தது.

ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், கோழிக்கடைப் பக்கம் போகக் கூடாது, ஆயுதம் எதையும் எடுக்கக் கூடாது. மீறினால் மறுபடி உள்ளே.

"தொழில் கத்தி அதுல சேராதுப்பா" என்றார் வக்கீல்.

"அது உங்களுக்குத் தெரியும் சார். கத்திக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து அவள் வெட்டினாள். அவன் பொட்டலம் கட்டினான். "எலும்பு மேல போடாதடி, மூட்டைப் பார்த்து இறக்கு" என்று பக்கத்தில் நின்று சொல்வான். சொன்ன இடத்தில் அவள் கை இறங்கும். தெருமுனையைத் தொடாமல், மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடைச் சந்து வழியாகவே ஸ்டேஷனுக்குப் போய் வந்தான். வீட்டில் ஒரு வெங்காயம் நறுக்க மாட்டான். நகவெட்டியில் சின்னக் கத்தி ஒன்று மடங்கி இருந்ததால் அதையும் தொடவில்லை.

"நகம் வெட்டக்கூட ஜட்ஜைக் கேக்கணுமா? நல்லா வந்து வாய்ச்சீங்க எனக்கு!" என்று திட்டிக்கொண்டே அவள்தான் வெட்டிவிடுவாள். துண்டு நகங்களைப் பொறுக்க வந்த மகள், போன வாரம் முதன்முறையாக அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கால் மரத்துப் போகும்வரை அவன் அசையவில்லை.

கோழிக்கடை அண்ணன் அவ்வப்போது கடை எதிரே வந்து நிற்பான். "என்னடா வெடி, நமுத்துப் போச்சா? பொண்டாட்டி வெட்டறா, நீ பொட்டலம் மடிக்கிற. அடுத்து சேலை மடிப்பியா?"

வெடி பொட்டலக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான்.

இன்று காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்து, கடைக்குள் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அரைக்கிலோ கேட்டு ஒருவர் வர, பாதியில் விட்டு எழுந்து கத்தியை எடுத்தாள். அதற்குள் அண்ணனும் தம்பியும் அரிவாளோடு உள்ளே ஏறிவிட்டார்கள். கறி கேட்டு வந்தவர் ஓடிப்போனார். முதல் வெட்டு வெடியின் தோளைப் பிளந்தது. இரண்டாவதைத் தராசுத் தட்டால் தடுத்தான். தட்டு நசுங்கித் தெறித்தது. அவனுடைய பழைய கத்திகள் கையெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கின. கை அந்தப் பக்கம் ஒருமுறை போனது. பிறகு விரல்களை மடக்கிக்கொண்டான்.

அவள் கத்தியை ஓங்கிக்கொண்டு தம்பிக்காரன்மேல் பாய்ந்தாள்.

"கீழ போடுடி!" என்று ரத்தம் வழியும் தோளோடு கத்தினான் வெடி. "நீயும் உள்ள போய்ட்டா புள்ளைய யாரு பாக்குறது?"

அவன் சொன்னதைக் கேட்டுக் கேட்டே பழகிய கை. போட்டுவிட்டது. கத்தி தரையில் விழுந்த சத்தம் அடங்குமுன் அண்ணனின் அரிவாள் வெடியின் கழுத்தில் இறங்கியது.

ஏட்டு போர்வையை விலக்கி அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கத்தி பிடித்த அடையாளம் எதுவும் இல்லை. இடது கை நகம் ஒட்ட வெட்டியிருந்தது. வலது கையில் நடுவிரல் வரைதான் வெட்டியிருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் பாக்கி.