பாண்டிச்செல்வத்தின் உறைபனி

சோழபுரத்தில் பொய்யன் என்று பெயரெடுக்கப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பாண்டிச்செல்வத்துக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது உறைபனி. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர், அதில் பாதி காஷ்மீரில். அங்கே விடியற்காலையில் தரையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும், மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும் என்று ஊர் திரும்பிய நாளிலிருந்து சொல்லிவந்தார். மார்கழியிலும் ஃபேனை நிறுத்தாத ஊர் இதை எப்படி நம்பும்? அங்கே ரம்மை அளந்துதான் ஊற்றுவார்களா என்று டீக்கடை சோலைராஜ் விசாரித்தார். மனைவி பரிபூரணமோ பனிப் பேச்சு தொடங்கினாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையாதவர் இந்தச் சிரிப்புக்கு நொந்துபோனார். ஊட்டியில் உறைபனி என்று டிவியில் சொன்னதுதான் தாமதம், பரிபூரணத்தையும் கிளப்பிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை பஸ் ஏறிவிட்டார். ஊட்டியில் ஒரே ஒரு ராத்திரி தங்கல். காலையில் போட்டோ எடுத்து சோலைராஜ் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு இரண்டு கம்பளிக்குள் புகுந்தார். பஸ் அலுப்பு ஆளை அடித்துப் போட்டுவிட்டது. விழித்தபோது மணி ஒன்பது, சுள்ளென்று வெயில்.

வெளியே ஓடினார். எதிர்ப் புல்லெல்லாம் வெறும் ஈரம். அறை வாசல் மட்டும் பெருக்கித் தண்ணீர் தெளித்துச் சுத்தமாக இருந்தது. நடுவில், ஊரிலிருந்து கொண்டுவந்த மாவில் ஐந்து புள்ளிக் கோலம்.

"எவளோ வாசல் பூரா உப்பக் கொட்டி வச்சிருந்தா. கூட்டி அள்ளுறதுக்குள்ள கை வெறச்சுப் போச்சு," என்றாள் பரிபூரணம்.

"அதுதாண்டி உறைபனி," என்று படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகையே வந்துவிட்டது. ஊர் வந்து சேரும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் டீக்கடையில் போட்டோ எங்கே என்று சோலைராஜ் கேட்டார். போனில் இருந்தது அன்று காலை பரிபூரணம் எடுத்துவைத்த கோலம் மட்டும். கடையே சிரித்தது. பால் வாங்க வந்த பரிபூரணம் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"அவிய சொல்லுறது பொய்யின்னா, ரெண்டு மொறம் நான் என்னத்தண்ணே அள்ளிப் போட்டேன்?"

சிரிப்பு நின்றது. பாண்டிச்செல்வத்தின் பேச்சை ஊர் சந்தேகிக்கலாம். பரிபூரணம் அள்ளிய குப்பையைச் சந்தேகிக்க அங்கே ஒருவருக்கும் தைரியமில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவர் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. தூக்குவாளியை அவரே வீடுவரை தூக்கிக்கொண்டு போனார்.