இந்த வருஷத்துக் கோப்பை

குன்றின் உச்சியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு நோட்டு. ஏறி வருகிறவர்கள் பேரை எழுதிவிட்டு இறங்கவேண்டியது. போதுமான தடவை ஏறினவர்களுக்கு வருஷக் கடைசியில் ஊர் விளையாட்டு மன்றம் ஒரு பீங்கான் கோப்பை கொடுக்கும். கடைக்குப் போனால் அதைவிட நல்ல கோப்பை கிடைக்கும். ஆனாலும் இந்த நார்வேக் கரை ஜனங்களுக்கு அந்தக் கோப்பை என்றால் உயிர். இந்த வருஷம் என்ன சாதித்தாய் என்று கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார்கள், அலமாரியைத் திறந்து காட்டுவார்கள்.

ஓட்வார் வீட்டு அலமாரியில் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு நிறம். அவனுக்கு ஒன்று, மனைவி ரன்வைக்கு ஒன்று. பிள்ளைகுட்டி இல்லை. ஓட்வார் பயணிகள் படகில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்று மழைதான். அவனுக்கும் சேர்த்து ரன்வை பேசுவாள்.

கோடை முடியும்போது அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். இலை உதிரத் தொடங்குவதற்குள் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாயிற்று. ஓட்வார் பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"ஏய்யா, இப்படியே முறைச்சுப் பாத்துட்டு இருந்தா நான் இன்னைக்கே செத்துருவேன். எந்திரிச்சுப் போய்க் குன்று ஏறிட்டு வா. எனக்குத்தான் இந்த வருஷம் கோப்பை கிடையாது. உனக்காவது கிடைக்கட்டும்."

"உன்னை விட்டுட்டு எப்படிப் போறது?"

"மேலேர்ந்து டார்ச்சை ஆட்டு. நான் இங்கேர்ந்து விளக்கை அணைச்சு அணைச்சுப் போடுறேன். கிழவி உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கோ."

அன்று முதல் விடியுமுன் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை ஏறினான். ஊர் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வீட்டுக்காரி போர்ஹில், கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "பொண்டாட்டி படுத்த படுக்கையா கெடக்கா. உனக்குக் கோப்பை கேக்குதாக்கும்?" ஓட்வார் பாலை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டான். விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் அவன் ஓட்வார் இல்லையே.

நவம்பர் கடைசியில் ஒரு மாலை உச்சியில் நின்று டார்ச்சை ஆட்டினான். கீழே ஜன்னலில் விளக்கு எரிந்தபடியே இருந்தது. மறுபடி ஆட்டினான். கை கடுக்க ஆட்டினான். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பனியில் விழுந்து எழுந்து ஓடிவந்தபோது அவள் விரல்கள் விளக்கை அணைத்துப் போடும் கயிற்றைப் பிடித்திருந்தன. உடம்புச் சூடு இன்னும் போகவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டு பிறக்குமுன், மன்றத்தில் கூட்டம். வாஃபிள், பழுப்புப் பாலாடைக்கட்டி, காப்பி. தலைவன் ஷெத்தில் என்பவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதனைக் கொஞ்சம் தேற்றலாம் என்று நினைத்தான், பாவம்.

"இந்த வருஷம் எல்லாரையும் முந்துனது யாரு தெரியுமா? நம்ம ஓட்வாரு! இளவட்டமெல்லாம் வெக்கப்படுங்கடா! வாய்யா, வந்து ரெண்டு வார்த்தை பேசு. என்ன ரகசியம்?"

எல்லோரும் கைதட்டினார்கள். போர்ஹில் மட்டும் தட்டவில்லை.

ஓட்வார் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த வருஷத்து நிறம் பச்சை.

"ரகசியம் ஒண்ணுமில்ல. அவதான் போகச் சொன்னா. நான் மேலேர்ந்து டார்ச்சை ஆட்டுவேன். அவ விளக்கை அணைச்சுப் போடுவா."

அதோடு விட்டிருந்தால் போர்ஹிலின் வாயும் அடைத்திருக்கும், அவனும் நல்ல பேரோடு இறங்கியிருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன மனசாட்சி விடவில்லை.

"ஆனா, போகச் சொன்னதுல எனக்குச் சந்தோஷம்தான். அவ முனகுறதைக் கேட்டுட்டு உக்கார முடியல. மேலே போனா கேக்காது. ஒவ்வொரு தடவையும் மெதுவாத்தான் இறங்குனேன். எத்தனை மெதுவா முடியுமோ, அத்தனை மெதுவா. அதுக்குத்தான் இந்தக் கோப்பை."

கடைசியில் எழுந்தது போர்ஹில்தான். அவள் கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் பழைய காரம்.

"மடையா, அவளுக்கு அது தெரியாதுன்னா நெனச்சே? தெரிஞ்சுதான்யா உன்னை அனுப்பியிருக்கா."

ஓட்வார் தலையை ஆட்டினான். போர்ஹில் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் ரன்வை தெரிந்தே அனுப்பினாள் என்பது இன்னும் ஆழமாகக் குத்தியது.

வீட்டுக்கு வந்து பச்சைக் கோப்பையை அலமாரியில் வைத்தான். பக்கத்தில் ஒரு கோப்பைக்கான இடம் காலியாக இருந்தது. ரன்வையின் கட்டிலோர விளக்கைப் போட்டுவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு குன்று ஏறினான். நோட்டில் பேர் எழுதவில்லை. உச்சியில் நின்று டார்ச்சை ஆட்டினான். கீழே விளக்கு அப்படியே எரிந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பும்போது விறுவிறுவென்று இறங்கினான். இனி மெதுவாக இறங்க என்ன காரணம் இருக்கிறது?