கணிக்கொன்றைக் கூடும் என் துப்பட்டாவும்

பறவை பார்க்கப் போகிறவர்கள் நிம்மதி தேடித்தான் போவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. என்னை அதில் சேர்க்க வேண்டாம். கேஸை அணைத்தேனா என்று பாதிப் படியில் இருந்து திரும்பி வருகிற ஆள் நான். சித்திரை ஒன்றையொட்டி மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்ததால், சென்னையில் இருந்து இரவு ரயிலில் நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். கீரிப்பாறை போகும் வழியில், மலையடிவாரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் தங்க அறை தருகிறார்கள், பங்குனிக் கடைசியில் பூவும் பறவையுமாக இருக்கும் என்று அலுவலகத் தோழி சொல்லியிருந்தாள்.

வடசேரி பேருந்து நிலையத்தில் கீரிப்பாறை பஸ் ஏறி, தடிக்காரன்கோணத்தில் இறங்க வேண்டும். இருபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்த ஆட்டோக்காரர், "கிளி பாக்க வந்தியளா? எங்க வீட்டு மாமரத்துக்கு வாங்க. ஒரு மாங்கா மிச்சம் வைக்காது" என்றார்.

தோட்டம் லலிதா அக்காவுடையது. ஐம்பதைத் தாண்டியவர், வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். கணவர் மணியண்ணன் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறார். இந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. சாப்பாட்டோடு அறைக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அறை வீட்டோடு ஒட்டியில்லை, முற்றத்தின் மறுபக்கம் தனியாக இருக்கிறது.

முதல் நாள் காலை எனக்கே என்னை நம்ப முடியவில்லை, ஒரு மணி நேரம் எதைப் பற்றியும் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தேன். வேலி முழுக்கச் செம்பருத்தி. கிணற்றடியில் தெச்சிப்பூ சிவப்புக் கொத்தாக நின்றது. பலாமரத்தில் மாங்குயில் ஒன்று மஞ்சளாகத் தெரிந்து மறைந்தது. குக்குறுவான் எங்கோ விடாமல் கூப்பிட்டது, செம்போத்து வாழைக்கு அடியில் தன் வீடு போல நடந்து திரிந்தது. முற்றத்தின் நடுவே கொன்றை, இலையே தெரியாமல் பூத்திருந்தது. மனசு நிறைந்து போயிற்று.

கொன்றையின் தாழ்ந்த கிளையில்தான் அந்தக் கூடு தொங்கியது. தேன்சிட்டுக் கூடு. சருகும் சிலந்திவலையும் சேர்த்துக் கட்டிய சின்னப் பை, வாசலுக்கு மேலே மழைக்குச் சாய்ப்பு கூட உண்டு. "குஞ்சு பொரிச்சாச்சு. தள்ள நாலு நாளா புழு கொண்டு போவுது" என்றார் அக்கா. தள்ளை என்றால் அங்கே தாய். கூடு கட்டிய நாளில் இருந்து மணியண்ணன் தினமும் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாராம்.

மறுநாள் வருடப் பிறப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த மாவட்டத்தில் அன்று விடிந்ததும் கண்ணைத் திறக்காமல் எழுந்து போய், பழம், நகை, கண்ணாடி எல்லாம் பரப்பி வைத்த கணியில் முதல் முழி முழிக்க வேண்டும். முதலில் எதைப் பார்க்கிறோமோ, வருடம் அப்படி. கணிக்குக் கொன்றைப்பூ கட்டாயம். அதனால் முந்தின நாள் மதியத்தில் இருந்தே, தொரட்டிக் கம்போடு ஊர் அக்காவின் முற்றத்துக்கு வந்துவிட்டது.

"கூடு இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுங்களேன்" என்றேன்.

"கணிக்குப் பூ இல்லன்னு சொல்லப்பிடாது மக்கா. அந்தக் கொப்ப மட்டும் விட்டுருவாங்க."

எனக்கு அது போதவில்லை. அடையாளம் இருக்கட்டும் என்று என் சிவப்புத் துப்பட்டாவை அந்தக் கிளையில், கூட்டில் இருந்து ஒரு கை தள்ளி, இறுக்கிக் கட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஒதுங்கியே பறித்தார்கள். ஒருவர் கூட கிளையைத் தொடவில்லை. நான் பெரிய காரியம் செய்த தோரணையில் காபி குடித்தேன்.

கூட்டம் போன பிறகுதான் கவனித்தேன். தாய்ச் சிட்டு செம்பருத்தி வேலியில் இருந்து கத்திக்கொண்டிருந்தது, வாயில் புழு. கொன்றைக்குப் பறந்து வரும், காற்றில் துப்பட்டா அசையும், திரும்பி ஓடும். எத்தனை நேரமாக இப்படியோ. அக்கா வந்து பார்த்தார். "ஆளப் பாத்து பேடிக்கல. ஒன் ஷாலப் பாத்துல்லா பேடிக்கு" என்றார். பேடி என்றால் பயம். ஓடிப் போய் அவிழ்க்கப் பார்த்தேன். இறுக்கிப் போட்ட முடிச்சு எனக்கு வரவில்லை, அக்காதான் அவிழ்த்தார். அதற்குள் இருட்டிவிட்டது. தாய் உள்ளே போனதா என்று இருவருமே பார்க்கவில்லை.

"குஞ்சுக்கு இன்னும் கண்ணு கூடத் தெறந்திருக்காது. தள்ளச் சூடு இல்லன்னா..." என்று தொடங்கிய அக்கா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று இரவு என் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

விடிகிற நேரத்தில் அக்கா கதவைத் தட்டினார். "கண்ணத் தெறக்காத மக்கா. கையப் பிடி." முற்றத்தைக் கடந்தோம். கொன்றைக்கு அடியில் போகிறோம் என்று காலில் நசுங்கிய பூவில் தெரிந்தது. எட்டிப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. வருடத்தின் முதல் காட்சியாகச் செத்த குஞ்சைப் பார்த்துவிட்டால்? கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மேலே ஒரு சத்தமும் இல்லை.

சாமி அறையில் கண் திறந்தேன். வெண்கல உருளியில் வெள்ளரி, மாங்காய், கொன்றைப்பூ, நடுவில் கண்ணாடி. கண்ணாடியில் என் வீங்கிய முகமும், பின்னால் அக்காவின் வீங்கிய முகமும் இருந்தன. அவரும் தூங்கவில்லை.

அப்போது போன் அடித்தது. மணியண்ணன். அங்கே இன்னும் விடியவில்லை. கட்டிலில் சம்மணம் போட்டு, கண்ணை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தார். "லலிதா, தெறக்கட்டா?"

"பொறுங்க."

அக்கா போனைக் கணிக்கு நேராகத் திருப்பவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று முற்றத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கொன்றை பாதி மொட்டையாக நின்றது. கூடு அசையாமல் தொங்கியது. போனில் இருந்து, "தெறக்கட்டா?" என்று மறுபடி கேட்டது. அக்கா கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கூட்டின் வாசலில், வளைந்த ஊசி மாதிரி ஒரு அலகு நீண்டது. பிறகு தலை. தாய் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, இரை தேடப் பறந்தது. உள்ளே இருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது.

அக்கா போனைக் கூட்டுக்கு நேரே பிடித்தார். "இனி தெறங்க."

மணியண்ணன் கூட்டைப் பார்த்தார். பிறகு, "பூவக் காணல்லியே" என்றார்.

"பூவ ஊருக்குக் குடுத்தாச்சு" என்றார் அக்கா.

போக நினைப்பவர்களுக்கு: பங்குனி கடைசி வாரம் சரியான நேரம். காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள். மதியம் புழுக்கம் தாங்காது, சாயங்காலம் மழை வரலாம், குடை வேண்டும். கொசுக்கடிக்கு மருந்து கொண்டு போங்கள். கூடு கண்டால் தூர நின்று பாருங்கள், பாதுகாக்கிறேன் என்று எதையும் கட்டித் தொலைக்காதீர்கள்.

சென்னைக்கு வந்த பிறகும் அக்கா தினமும் கூட்டின் படம் அனுப்பினார். நேற்று வந்த படத்தில் கூடு கிழிந்து, வெறுமையாக இருந்தது. ஆபீஸ் என்றும் பாராமல் பதறிப்போய் போன் செய்தேன்.

"பறந்துட்டு மக்கா" என்றார் அக்கா. "ரெண்டு குஞ்சும் பறந்துட்டு. நீ இனி ஒறங்கு."