ஊசிக்கு முந்தைய கேள்வி

டிவிக்குப் பின்னால் ஒட்டடை அடிக்கும்போது என் வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ஒன்றையும் பிரிக்கவே இல்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டயர் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் மனுஷன். ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது, பீடியும் நிற்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலைசுத்தலே இல்ல, எனக்கெதுக்குடி மாத்திரை?" என்றார்.

"இனிமே மாத்திரைன்னு நான் வாயத் தொறந்தா என்னையச் செருப்பால அடிங்க!"

அத்தோடு பேச்சு நின்றது. மூன்று நாள். இரண்டு பேருக்கும் வீம்பு. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவர் வருவார், சாப்பிடுவார், போவார்.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்குக் கட்டிலருகே காபியை வைத்து, "ஆறுது" என்று சுவரிடம் சொன்னேன். முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். அசையவில்லை. நடிப்பைப் பார் என்று எரிச்சலோடு போய்த் துணி துவைத்தேன், தோசை சுட்டேன். முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். பாவி, பார்க்கவில்லையே!

ஒன்பது மணிக்கும் காபி அப்படியே இருந்தது. "என்னங்க, ஊமையா நீங்க?" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு விழுந்தது.

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்ததும் டாக்டரம்மா அவசரமாகக் கேட்டார்.

"மூளையில அடைப்புங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா கரைக்க ஊசி போடலாம். எப்ப ஆரம்பிச்சது?"

மணி பத்தரை. ஏழு என்று சொல்ல நாக்கு துடித்தது.

"தெரியலைங்க."

"கடைசியா எப்ப நல்லாப் பேசினாரு?"

"வூட்டுல சண்டைங்க. பேசி மூணு நாளாச்சு."

டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நல்லா நடந்து பாத்ததாவது?"

"நேத்து ராத்திரி ஒம்பதுக்கு. படுக்கப் போனப்ப."

அவர் பேனாவை மூடினார்.

"ஏழு மணின்னு போட்டுக்கங்கம்மா! உங்க கால்ல விழுறேன்!"

"நேரம் கடந்து போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியுங்க. உயிரே போயிரும். தெரிஞ்சே நான் எப்படிப் போடுவேன்?"

பக்கத்தில் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்தார். குனிந்தேன்.

"திட்டுங்க," என்று கதறினேன். "ஒரே ஒரு வார்த்தை திட்டுங்க."

வாயைத் திறந்து திறந்து பார்த்தார். எச்சில்தான் வழிந்தது.