தொட்டால் பேசும் படங்கள்

விழிப்புணர்வுப் படம் செய்கிற தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. நம் படத்தை மாட்ட எல்லோரிடமும் சுவர் இருக்கிறது, நின்று கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

நான் செய்வது தொட்டால் பேசும் படங்கள். பலகையில் துணியும் கயிறும் ஒட்டி, விரலுக்குத் தட்டுப்படும்படி உருவங்கள் செய்வேன். தொட்ட இடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பேசும். பார்வையில்லாதவர்கள் போனையும் கம்ப்யூட்டரையும் எப்படிக் காதால் கேட்டே பயன்படுத்துகிறார்கள் என்று விளக்கும். குரல் விமலாவுடையது. திருமுல்கேரிக்காரி, பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் உதவியோடு, ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சந்தைச் சுவர்

போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் ஒரு படம் மாட்டினோம். பார்வையில்லாத ஒருவர் போனில் பணம் கட்டித் தக்காளி வாங்குகிற காட்சி. நாள் முழுக்க மூட்டைகள்தான் அதன்மேல் சாய்ந்தன. கடைசியில் தக்காளி மண்டிக்காரர் ஒருவர், தெலுங்கும் உருதுவும் பேசுகிற இந்த ஊரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர், விரலை வைத்து விமலா பேசியதை முழுசாகக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“ஹவ், ஹவ், நல்லாத்தான் பேசுறாங்க. எந்தக் கட்சிம்மா?”

வரவேற்பறை

ஒரு ஐ.டி. கம்பெனி தன் வரவேற்பறையில் மாட்ட ஒரு படம் கேட்டது. திறப்பு விழாவுக்கு விமலாவையும் கூட்டிப்போனேன். படத்தைத் தொடக் கை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. உள்ளங்கையால் ஓரம்வரை தடவிப்பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பொறுப்பாளர் கோயம்புத்தூர்ப் பையன், மரியாதையானவன்.

“தொட்டுத் தொட்டு அழுக்காயிடும்னு கண்ணாடி போட்டுட்டோம் மேடம். எல்லாரும் பார்க்கத்தானே போறாங்க?”

பெயரில்லாத பட்டன்கள்

அந்த வருடமே விமலாவின் கம்பெனியில் மென்பொருளை மாற்றினார்கள். புதுத் திரையில் எழுத்தே இல்லை, எல்லாம் அழகழகான சின்னங்கள். அவற்றுக்கு உள்ளே பெயர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால் விமலாவின் காதில் “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் விழுந்தது. எது அனுப்புவது, எது அழிப்பது என்று தெரியாது. மேலதிகாரிகளிடம் சொன்னாள், எழுதிக் கொடுத்தாள். அடுத்த முறை சரிசெய்கிறோம் என்றார்கள். பக்கத்து சீட்டுப் பெண் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கும் அவள் வேலை இருக்கிறதே. பிறகு விமலாவைச் சும்மா உட்காரவைத்தார்கள். பிறகு, வரவேண்டாம் என்றார்கள்.

அன்று நேராக மெட்டுகுடாவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். விடக்கூடாது, சண்டை போடலாம் என்று நான் குதித்தேன்.

“யாரோட சண்டை போடறது அக்கா? எல்லாரும் நல்லவங்கதான். எல்லாரும் சாரி சாரின்னுதான் சொல்றாங்க.”

ஒரே வார்த்தை

மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று விமலாவை வேலையை விட்டு அனுப்பிய அதே கம்பெனி என்னைக் கூப்பிட்டது. நான் மறுக்கத்தான் இருந்தேன். “நக்கோக்கா, மறுக்காதீங்க, செஞ்சு குடுங்க. குரல் நான் தர்றேன்” என்றாள் விமலா.

அவளுடைய அலுவலகத் திரையையே துணியில் செய்தேன். எந்தச் சின்னத்தைத் தொட்டாலும் அவள் குரலில் “பட்டன்” என்று மட்டும் வரும். விழாவில் அதிகாரிகள் வரிசையாக வந்து தொட்டார்கள். பட்டன். பட்டன். சிரிப்புத் தாங்கவில்லை அவர்களுக்கு. நான் மைக்கை வாங்கி, இங்கே வேலை செய்த விமலாவுக்குத் தினமும் கேட்டது இதுதான், அதனால்தான் அவள் இன்று இங்கே இல்லை என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விமலாவின் பழைய மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவரே போன் செய்தார். விமலாவைத் திரும்பக் கூப்பிடத்தான் என்று நினைத்து அவசரமாக எடுத்தேன்.

“மேடம், படம் ரிப்பேர் போலிருக்கு. எங்க தொட்டாலும் ஒரே வார்த்தைதான் வருது. யாரையாவது அனுப்பிச் சரிபண்ணிக் குடுங்களேன்.”

விழிப்புணர்வு எல்லோருக்கும் வந்துவிட்டது, விமலாவுக்கு வேலைதான் இன்னும் வரவில்லை.