குரங்கில்லாத ஊரில் இறுக்கிக் கட்டிய கேபிள்

கந்தசாமி அண்ணன் போய்விட்டார். காலையில் செம்மநத்தத்திலிருந்து அவர் மகள் போன் செய்து சொன்னாள்...

சொந்த விஷயங்களை இங்கே எழுதும் பழக்கம் எனக்கில்லை. இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஏற்காட்டில் ஒரு சின்ன நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் எனக்கு முதல் வேலை. அண்ணன் அங்கே டெக்னீசியன்.

உருளையில் சுற்றிய காகிதத்தில் ஊசி நாள் முழுக்கக் கோடு போடும். கோடு நடுங்கினால் நான் பதறுவேன்.

அவர் எட்டிப் பார்த்து, "பூகம்பமெல்லாம் இல்ல கண்ணு. எஸ்டேட்டுல காப்பிப்பழம் அரைக்கறாங்க" என்பார். நான் நம்பவில்லையென்றால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குப் போன் போட்டு, பத்து நிமிடம் மெஷினை நிறுத்தச் சொல்வார். கோடு நேராகிவிடும்!

எங்கள் ஊர்க் குரங்குகளுக்குத் தொங்குகிற கேபிள் எல்லாம் ஊஞ்சல். அதனால் எந்தக் கேபிளையும் இழுத்து இறுக்கிக் கட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார் அண்ணன். 'டொய்ங்' என்றால்தான் திருப்தி.

அந்தக் கைகளோடுதான் ஒருமுறை அண்டார்டிகாவுக்குக் கப்பலேறினார்.

அங்கே ஆய்வு நிலையத்திலும் இதே பழைய உருளைக் கருவி, தள்ளியிருந்த ஒரு கொட்டகையில். பனிப்புயலிலும் தினமும் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்க் காகிதம் மாற்ற வேண்டும். புதுக் கருவி வைத்து, கேபிள் இழுத்து, நிலையத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பதிவு விழும்படி செய்வது அண்ணனின் வேலை.

செய்தார். ஆனால் திரையில் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது.

கப்பல் கிளம்ப இரண்டே நாள். சரியாகாவிட்டால் அடுத்த கப்பல் வரும்வரை பழையபடி புயலில் நடைதான்.

கருவியில் கோளாறு என்று எழுதிவிட்டுக் கப்பலேறச் சொன்னாராம் அங்கிருந்த தலைவர்.

"பத்து நிமிஷம் மட்டும் குடுங்க சார்..."

கம்ப்யூட்டரை பேட்டரியில் ஓடவிட்டு, ஜெனரேட்டரை நிறுத்தி, அத்தனை பேரையும் அசையாமல் உட்கார வைத்திருக்கிறார். நடுக்கம் நிற்கவில்லை. வெளியே போய்க் கேபிளில் கை வைத்தார்... காற்று அதைச் சுண்டிக்கொண்டிருந்தது.

அவிழ்த்துத் தொய்வாகப் பனியில் கிடத்தினார். கோடு அடங்கிவிட்டது.

அவருடைய ரிப்போர்ட்டின் நகல் எங்கள் ஆபீசுக்கும் வந்தது. "கருவியில் கோளாறு இல்லை. கேபிளை இறுக்கிக் கட்டியது என் தவறு." யாரும் கேட்காமலே எழுதியிருந்தார்.

ஊர் திரும்பியவரைச் சும்மா விடுவேனா?

"ஏனுங்கண்ணா, அங்க குரங்கு நொம்பவோ?"

"ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. அதுதான் கேபிளக் கட்டுச்சு."

இன்று காலை போனை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போயிட்டு வாங்கண்ணா...